படுக்கையும் ஒரு மருந்து: அழுத்தப் புண்ணும் அதைத் தடுக்கும் மெத்தைகளும்

முன்னுரை

"படுத்த படுக்கையாகிவிட்டார்" என்ற செய்தியைக் கேட்காத மலேசியத் தமிழ்க் குடும்பம் அரிது. பக்கவாதம், சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிவு, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவு, நீரிழிவால் கால் இழப்பு என்று காரணங்கள் பலவாக இருக்கலாம். நோயைப் பற்றி விசாரிக்கிறோம். மருந்து மாத்திரைகளைப் பற்றி விசாரிக்கிறோம். ஆனால் நோயாளி ஒரு நாளின் 24 மணி நேரத்தையும் கழிக்கும் அந்தப் படுக்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தப் படுக்கையே அவருக்கு இரண்டாவது நோயைத் தரக்கூடும் என்பதைப் பலர் அறிவதும் இல்லை.

நான் பொறியியல் படித்தவன்; மருத்துவன் அல்லன். என் பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பால் மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு எங்கள் குடும்பம் ஈப்போவுக்கு வந்து சேர்ந்தது. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து பாட்டி இரண்டு ஆண்டுகள் படுக்கையில் இருந்தார். அந்த இரண்டு ஆண்டுகளில் அம்மாவும் நானும் தாதியரிடம் கேட்டறிந்தவற்றையும், பிறகு நானாகத் தேடிப் படித்தவற்றையும் இக்கட்டுரையில் தொகுத்துள்ளேன். இது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அன்று. அந்த ஆலோசனையைக் கேட்கப் போகும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கான ஒரு வழிகாட்டியே.

புண் எப்படி உண்டாகிறது?

படுக்கைப் புண், அழுத்தப் புண் என்ற இரண்டு பெயர்களும் வழக்கில் உள்ளன. இரண்டாவது பெயர்தான் காரணத்தைச் சொல்கிறது. நம் தோலுக்கும் அதன் கீழுள்ள தசைக்கும் உயிர்க்காற்றைக் கொண்டு செல்பவை தந்துகிகள் என்னும் நுண்ணிய இரத்தக் குழாய்கள். 1930-இல் லாண்டிஸ் என்பவர் இந்தக் குழாய்களினுள் இருக்கும் அழுத்தத்தை அளந்தார். இரத்தம் நுழையும் முனையில் சராசரியாக 32 மில்லிமீட்டர் பாதரச அளவு இருந்தது. வெளியிலிருந்து அதைவிட அதிகமான அழுத்தம் நீண்ட நேரம் விழுந்தால் குழாய் நசுங்கி இரத்த ஓட்டம் தடைபடலாம். திசு பட்டினி கிடந்து இறக்கலாம். இந்த 32 என்பது எல்லாருக்கும் பொதுவான எல்லைக்கோடு அன்று. முதியவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், இரத்த அழுத்தம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அதைவிடக் குறைந்த அழுத்தமே போதும்.

இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் அரைச் சதுர மீட்டர் பரப்பு மெத்தையில் பதிகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வெடை முழுவதும் சீராகப் பரவினால் அழுத்தம் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் பாதரச அளவுதான் வரும். அப்படியானால் புண் வரவே கூடாதல்லவா? சிக்கல் என்னவென்றால் எடை சீராகப் பரவுவதில்லை. முதுகெலும்பு முடியும் இடம், இடுப்பெலும்பு, குதிகால், தோள்பட்டை, முழங்கை, பின்னந்தலை ஆகிய எலும்பு துருத்திய இடங்களில் எடை குவிகிறது. மெத்தை எவ்வளவு கடினமோ அவ்வளவுக்குக் குவிப்பும் கூடும்.

நல்ல உடல்நலம் உள்ளவர் தூக்கத்திலும் தன்னை அறியாமல் புரண்டு படுக்கிறார். உணர்வு இழந்தவருக்கு வலி தெரியாது. வலி தெரிந்தாலும் புரள வலுவில்லாதவர் பிறர் கையை எதிர்பார்த்தே கிடக்க வேண்டும். ஆகவே அழுத்தம் ஒன்று, நேரம் மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தால்தான் புண். இவற்றுக்குத் துணைபோவன மூன்று: தலைப்பக்கத்தை உயர்த்தும்போது உடல் கீழே சறுக்குவதால் ஏற்படும் உள்ளிழுப்பு, துணியின் உராய்வு, சிறுநீராலும் வியர்வையாலும் உண்டாகும் ஈரம்.

மாநிறத் தோலில் கண்டுபிடிப்பது

அழுத்தப் புண்ணை மருத்துவர்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றனர். முதல் நிலையில் தோல் கிழிந்திருக்காது, நிறம் மாறியிருக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்த நிறம் மறையாது. இரண்டாம் நிலையில் மேல்தோல் உரிந்தோ கொப்புளமாகவோ இருக்கும். மூன்றாம் நிலையில் கொழுப்புத் திசு வரை குழி விழும். நான்காம் நிலையில் தசையோ எலும்போ வெளியே தெரியும்.

பாடநூல்கள் பலவற்றில் முதல் நிலையைச் 'சிவந்த தழும்பு' என்று எழுதியிருப்பார்கள். வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட வரி அது. நம்மவர் தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ, ஊதா கலந்தோ, மினுமினுப்பாகவோ தெரியலாம். நிறத்தை மட்டும் நம்பாமல் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடம் மற்ற இடங்களைவிடச் சூடாகவோ குளிர்ந்தோ இருக்கிறதா, கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். பாட்டியைக் குளிப்பாட்டித் துடைக்கும்போது அம்மா நாள்தோறும் இதைச் செய்வார். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

ஒன்றை மறக்கக்கூடாது. அழுத்தம் எலும்பை ஒட்டிய ஆழத்தில்தான் மிகுதி. எனவே மேலே 20 காசு நாணயம் அளவில் தெரியும் புண்ணுக்குக் கீழே பெரிய பள்ளம் இருக்கலாம். துர்நாற்றம், சீழ், காய்ச்சல், திடீர்க் குழப்பமான பேச்சு ஆகியவை தெரிந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. 'சூப்பர்மேன்' படங்களில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ், குதிரையிலிருந்து விழுந்து 1995 முதல் கழுத்துக்குக் கீழே செயலிழந்திருந்தார். சிறந்த பராமரிப்பைப் பெற்ற அவரே கிருமி தொற்றிய அழுத்தப் புண்ணுக்குச் சிகிச்சை பெற்றுவந்த வேளையில்தான் 2004 அக்டோபர் 10-இல் காலமானார்.

இரப்பரும் படுக்கையும்

இந்தப் புண்ணைத் தடுக்கும் படுக்கையின் வரலாற்றில் இரப்பருக்குப் பெரும் பங்கு உண்டு. 1830-களில் ஸ்காட்லாந்து மருத்துவர் நீல் ஆர்னட் ஒரு தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அதன் மேல் இரப்பர் பூசிய நீர்புகாத் துணியை விரித்து, அதன்மேல் நோயாளியைப் படுக்க வைத்தார். தண்ணீர் உடலின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து எடையைப் பரப்பியது. மேலே நாம் போட்ட கணக்கை அவர் தொட்டியில் செய்து காட்டினார் எனலாம்.

அப்போது மலாயாவில் இரப்பர் மரம் இல்லை. 1877-இல்தான் நம் பேராக்கின் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பிறகு நடந்ததை நம் பாட்டன்மார் அறிவர். அவர்கள் வெட்டிய பால் கப்பலேறியது. 1929-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் டன்லப் நிறுவனத்தினர் இரப்பர்ப் பாலை நுரைவரக் கடைந்து, உறையவைத்து, வேகவைத்து நுரை இரப்பரை உருவாக்கினர். மரம் வெட்டியவர்களோ லயத்து வீட்டில் பலகைக் கட்டிலிலும் பாயிலும் படுத்தார்கள். இன்றைய மருத்துவ நுரை மெத்தைகளில் பெரும்பாலானவை பாலியூரித்தேன் என்னும் செயற்கை நுரையால் ஆனவை. தூய இரப்பர் நுரையும் விற்பனையில் உள்ளது.

நேரத்தின் முக்கியத்துவத்தை நிலைநாட்டியவர் லுட்விக் குட்மன். நாஜிகளின் ஆட்சியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த இம்மருத்துவர், 1944-இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டு காயமுற்ற போர்வீரர்களுக்கான பிரிவைத் தொடங்கினார். அதுவரை அத்தகையோர் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறந்துவிடுவர் என்பதே பொதுவான எண்ணம். அவர் இரவு பகல் பாராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் திருப்பிப் படுக்க வைக்கச் செய்தார். வீரர்கள் பிழைத்தார்கள். அங்கே அவர் தொடங்கிய விளையாட்டுப் போட்டிதான் பின்னாளில் பாராலிம்பிக்காக வளர்ந்தது.

மெத்தைகளின் வகைகள்

எத்தனை பெயர்களில் விற்றாலும் எல்லாச் சிறப்பு மெத்தைகளும் இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் பின்பற்றுகின்றன: எடையைப் பரப்புவது, அல்லது அழுத்தம் விழும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பது.

முதலாவது, உயர்தர நுரை மெத்தை. உடலைச் சற்று உள்வாங்கி எடையைப் பரப்பும். மின்சாரம் வேண்டா, சத்தமும் இல்லை. சாதாரண மருத்துவமனை மெத்தையோடு ஒப்பிடுகையில் இது புண்ணைக் குறைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரண்டாவது, காற்று மாறும் மெத்தை. நம் நாட்டில் இதை 'ரிப்பள் மெத்தை' என்றே கேட்டு வாங்குவோம். இதில் காற்றறைகள் இரண்டு அணிகளாக இருக்கும். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சிறிய பம்பு ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் அணியை நிரப்பி மற்றோர் அணியைத் தளர்த்தும். இப்படி அழுத்தம் ஒரே இடத்தில் நிலைப்பதில்லை. வீட்டுக்கு வாங்கும் எளிய வகை சில நூறு ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். அதைச் சாதாரண மெத்தைக்கு மேலே விரித்துப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, காற்றுக் கசியும் படுக்கை. இதன் காற்றறைகளிலிருந்து மெல்லிய காற்று தொடர்ந்து கசிந்து தோலின் ஈரத்தையும் சூட்டையும் தணிக்கும்.

நான்காவது, மணிப் படுக்கை. 1960-களில் அமெரிக்காவில் உருவானது. பெரிய தொட்டியில் மணல் போன்ற நுண்ணிய கண்ணாடி மணிகள் இருக்கும். கீழிருந்து வெதுவெதுப்பான காற்றை ஊதினால் மணிகள் கொதிக்கும் கஞ்சிபோல் அசைந்து திரவத்தைப் போல நடந்துகொள்ளும். நோயாளி அதில் மிதப்பார். 1987-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இப்படுக்கையில் இருந்தவர்களின் புண்கள் சுருங்கின; வழக்கமான படுக்கையில் இருந்தவர்களின் புண்கள் சற்றே விரிந்தன. ஆனால் இது மிகவும் கனமானது, விலை மிகுந்தது, உடலின் நீரை வற்றச் செய்யக்கூடியது. பெரிய புண்ணோ அறுவைச் சிகிச்சையோ உள்ளவருக்கு மருத்துவமனையில் பயன்படுமே அன்றி, வீட்டுக்கு ஏற்றதன்று.

விலை கூடினால் பலனும் அதே அளவு கூடும் என்று எண்ண வேண்டா. பிரிட்டனில் 2029 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், காற்று மாறும் மெத்தையில் இருந்தோரில் 6.9 விழுக்காட்டினருக்கும், உயர்தர நுரை மெத்தையில் இருந்தோரில் 8.9 விழுக்காட்டினருக்கும் புதிய புண் வந்தது. இந்த வேறுபாடு புள்ளியியல் அளவில் உறுதியானதாக அமையவில்லை. ஆகவே கையில் பணம் குறைவாக உள்ள குடும்பம், ரிப்பள் மெத்தை வாங்க முடியவில்லையே என்று மனம் உடைய வேண்டியதில்லை. தரமான நுரை மெத்தையும் கவனமான கைகளும் பெரும் பாதுகாப்பு.

வாங்கிய மெத்தை வேலை செய்கிறதா?

ரிப்பள் மெத்தையை விரித்து, பம்பின் திருகை நோயாளியின் எடைக்கு ஏற்ப வைத்த பிறகு ஒரு சோதனை செய்ய வேண்டும். நோயாளியின் இடுப்புக்கு நேர்கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கை மேல்நோக்க ஒரு கையை நுழைத்துப் பாருங்கள். கைக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 2.5 சென்டிமீட்டர் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால் அவர் காற்றின் மேல் இல்லை. பலகையின் மேல்தான் இருக்கிறார்.

மெத்தைக்கு மேல் ஒரே ஒரு மெல்லிய துணியைத் தளர்வாக விரித்தால் போதும். பிளாஸ்டிக் விரிப்பு, மடித்த கைலி, தடித்த போர்வை என்று அடுக்கினால் மெத்தையின் பயன் போய்விடும். பம்பின் ஒலி மீன்தொட்டி மோட்டாரைப் போல மெல்லியதாக இருக்கும். அது நின்றால் காதில் படும்படி கதவைத் திறந்து வைப்பது நல்லது. மின்தடை ஏற்பட்டால் எளிய வகை மெத்தையில் காற்று இறங்கிவிடும். கீழே நல்ல மெத்தை ஒன்று இருக்க வேண்டியதன் காரணம் இதுவே.

மெத்தையால் செய்ய முடியாதவை

எங்கள் வீட்டில் ரிப்பள் மெத்தையை விரித்த அன்று வந்திருந்த தாதி ஒருவர் என்னிடம், "தம்பி, மெத்தை வாங்கியாச்சின்னு பாட்டிய அப்படியே விட்டுறாதீங்க. மெத்தை காத்து அடிக்கும், ஆளத் திருப்பாது" என்றார். இக்கட்டுரையின் சாரமும் அதுதான்.

திருப்பும்போது ஒருபக்கமாக முழுவதும் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னே தலையணை வைத்து 30 பாகை மட்டும் சாய்த்தால் இடுப்பெலும்பின் மேல் எடை விழாது. உணவு நேரம் தவிர மற்ற வேளைகளில் தலைப்பக்கத்தையும் 30 பாகைக்கு மேல் உயர்த்தாமல் இருந்தால் சறுக்கல் குறையும். கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் மிதக்க விட வேண்டும். இழுத்து நகர்த்தாமல், விரிப்போடு சேர்த்து இருவர் தூக்கி நகர்த்த வேண்டும்.

எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புவது? குட்மன் காலத்திலிருந்து 2 மணி நேரம் என்பதே விதியாக இருந்துவருகிறது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கா, கனடா முதியோர் இல்லங்களில் நல்ல நுரை மெத்தையில் இருந்த 942 பேரை 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் திருப்பிப் பார்த்தது. மூன்று பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பகலெல்லாம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு இரவில் விழித்திருக்கும் ஒரு மகளுக்கு இது சிறிய செய்தியன்று. நல்ல மெத்தை வாங்கித் தருவது அந்தக் கூடுதல் உறக்கத்தைத்தான். எனினும் ஒவ்வொருவரின் உடல்நிலையும் வேறு; இடைவெளியைத் தாதியிடமோ மருத்துவரிடமோ கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

நாம் நல்லதென்று எண்ணிச் செய்யும் சில செயல்கள் தீங்காக முடிகின்றன. நிறம் மாறிய இடத்தில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தால் உள்ளே நலிந்த திசு மேலும் சிதையும். நடுவில் துளையுள்ள காற்று வளையம் துளையைச் சுற்றி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலின் கீழ் வைக்கும் வழக்கத்தையும் அனைத்துலக வழிகாட்டிகள் ஏற்பதில்லை. வாழையிலையில் படுக்க வைப்பது நம் முன்னோர் வழக்கம். இலை வழவழப்பாக இருப்பதால் உராய்வு குறையும், ஒட்டாது. ஆனால் அது அழுத்தத்தைக் குறைக்காது. திருப்பும் வேலை அப்படியே இருக்கிறது.

உணவும் மருந்தே. புண் ஆறப் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை என்பது பொதுவான அளவு; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். 'படுத்திருப்பவருக்குக் கஞ்சி போதும்' என்று விட்டுவிடாமல் முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றை மசித்தாவது கொடுக்க வேண்டும்.

லயத்திலிருந்து தாமானுக்கு

தோட்டங்களில் ஆயக்கொட்டகை இருந்தது. மருந்து கட்ட டிரெசர் இருந்தார். ஒரு குரல் கொடுத்தால் பக்கத்து லயத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அக்காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. நெடுநாள் படுக்கையில் கிடக்கும் வயது வருமுன்பே பலர் மாண்டுபோனார்கள் என்பதே உண்மை. ஆனால் ஆளைத் தூக்கக் கைகள் இருந்தன. 1980-களிலும் 1990-களிலும் பேராக்கின் பல இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்பு நிலங்களாயின. மக்கள் புந்தோங், சிலிபின், செமோர் என்று சிதறினர். மலிவு விலை அடுக்குமாடியின் நான்காம் மாடியில் ஒரு முதியவர் படுத்துவிட்டால், அவரைத் திருப்ப ஒரே ஒரு மருமகள்தான் இருக்கிறாள். தேசிய சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு இந்தியரிடையே மிகுந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், இது சில குடும்பங்களின் சொந்தத் துயரம் மட்டுமன்று என்பது விளங்கும்.

கிடைக்கும் உதவிகளைக் கேட்டுப் பெற வேண்டும். 2014 முதல் சுகாதார அமைச்சு, தேர்ந்தெடுத்த அரசாங்கக் கிளினிக்குகளின் வழி, படுக்கையில் உள்ளோரை வீட்டிலேயே வந்து பார்த்துப் பராமரிப்பாளருக்குப் பயிற்சி தரும் சேவையை நடத்துகிறது. மருத்துவமனையிலிருந்து பெயர் வெட்டும் முன்பே இதைப் பற்றி வார்டில் கேளுங்கள். அரசாங்க மருத்துவமனைகளில் உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு, கருவிகள் வாங்க வசதியற்றோருக்கு வழிகாட்டும். படுக்கையில் உள்ளோரைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பங்களுக்குச் சமூக நல இலாகா மாத உதவித்தொகை வழங்குகிறது. சொக்சோ சந்தாதாரராக இருந்து முழுமையாகச் செயலிழந்தோருக்கு இடைவிடாப் பராமரிப்புக்கான உதவித்தொகையும் உண்டு. பக்கவாதத்திலிருந்து மீள்வோருக்குப் பயிற்சியளிக்கும் நாசாம் அமைப்பின் மையம் ஈப்போவில் உள்ளது. பாரங்கள் பெரும்பாலும் மலாய் மொழியில் இருப்பதால் பல முதியவர்கள் தயங்கி நின்றுவிடுகின்றனர். படித்த பிள்ளைகளாகிய நாம் செய்யக்கூடிய முதல் உதவி, அந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுப்பதே.

முடிவுரை

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கையில், மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். பராமரிப்பவரை மருத்துவரோடு ஒரே வரிசையில் வைத்த அந்தப் பார்வை எண்ணத்தக்கது. மெத்தையை மருந்தின் பக்கத்தில் சேர்க்கலாம். நான்காவது கூறாகிய மனிதரின் இடத்தை அது நிரப்பாது. அவர் தளர்ந்து விழாமல் தாங்கும், அவ்வளவே.

விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ உறவிலோ ஒருவர் படுக்கையில் இருந்தால், நலம் விசாரித்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். மெத்தையின் அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். குதிகாலைத் தொட்டுப் பாருங்கள். ஓர் இரவு நீங்கள் விழித்திருந்து, நாள்தோறும் விழித்திருப்பவரை உறங்கச் சொல்லுங்கள்.